காற்று போக இருபது நிமிடம்

ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் முன்னறைச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடல் ஒன்று தொங்குகிறது. ரோஜா நிறத்தில் ஓரம், மூலைக்கு ஒரு குத்துவிளக்கு, உச்சியில் பெரிய எழுத்தில் ‘பணி நிறைவுப் பாராட்டு’. எழுதியவள் நான். அச்சுக்குக் கொடுத்தவளும் நான்தான். உற்றுப் பார்த்தால் அதில் ஒரு குறை தெரியும். இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் நடுவில், தேவைக்கு மேல் ஒரு வரி அளவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்த பெண் அன்றைக்கே கேட்டாள். “டீச்சர், இங்கன ஒரு வரி விட்டுப்போச்சா?” விட்டது விட்டபடியே இருக்கட்டும் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தாள்.

நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர். ஆசைப்பட்டு வந்த பதவி அல்ல. கையெழுத்து நன்றாக இருக்கிறது, மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை, இந்த இரண்டு தகுதிக்காக என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சங்கத் தலைவர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். தெருவுக்கு உழைத்தவர்களை வருடத்துக்கு ஒருமுறை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நல்ல பிடிவாதம்தான், குறை சொல்லவில்லை. தபால்காரர், குப்பை வண்டி ஓட்டும் அம்மா, ஆஸ்பத்திரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஓடி ஓடி உதவிய நர்ஸ் என்று பலரைக் கூப்பிட்டுக் கௌரவித்திருக்கிறோம். எல்லோருக்கும் வாழ்த்துமடல் என் கைவண்ணம். ‘கடமையே கண்ணாக’, ‘கனிவே உருவாக’, ‘காலம் தவறாத’ என்று மூன்று கானா சேர்த்துவிட்டால் மடல் தயார். ஒரு வருடம் சோம்பேறித்தனத்தில் தபால்காரருக்கு எழுதியதையே பெயரை மட்டும் மாற்றி நர்ஸுக்கும் வாசித்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு கைதட்டல். அன்றிலிருந்தே எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஒரு மனிதர் என்ன செய்தார் என்று தெரியாமலே அவரைப் பாராட்டிவிட முடிகிறதே, இது என்ன பாராட்டு?

தண்ணீர் அண்ணாச்சி ஓய்வுபெறப் போகிறார் என்று தலைவர் வந்து சொன்னபோது, இந்த ஒருவருக்காவது உண்மையான ஒரு வரி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அப்போதெல்லாம் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் குழாய்க்கு வரும். காலை ஆறு மணிக்குத் திறந்து எட்டு மணிக்கு மூடுவார். அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தெருவில் எவரும் சாகக்கூடாது, பிறக்கக்கூடாது. சைக்கிளின் குறுக்குக் கம்பியில் நீளவாக்கில் ஒரு இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு வருவார். இடுப்புயரம் இருக்கும் அந்தச் சாவி. மேலே பிடித்துத் திருகக் குறுக்காக ஒரு கம்பி, அந்தக் கம்பியின் ஒரு நுனியில் மட்டும் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருக்கும். கண்ணேறு படாமல் இருக்கக் கட்டியிருக்கிறார் என்றார் என் கணவர். ஏதோ கோயில் நேர்ச்சை என்றார்கள் எதிர்வீட்டில். எனக்குச் சின்னச் சின்ன விஷயமெல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆனாலும் அத்தனை வருடத்தில் அவரிடமே கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தெருவுக்கு அவர் இரண்டு தடவை வருவார். வால்வுக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கிப் போடும் சத்தம் ஆறு மணிக்கு மேல் ஒருமுறை கேட்கும். உடனே எல்லா வீட்டுக் குழாயும் உஸ்ஸென்று சீறும். வெறும் காற்று வரும், நடுநடுவே கொஞ்சம் எச்சில் மாதிரித் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான். இருபது நிமிடம் கழித்துத் திரும்ப வருவார். மறுபடியும் சாவியைப் போட்டுத் திருகுவார். அப்புறம்தான் நிஜமான தண்ணீர். முதல் வரவு காத்துக்கு, இரண்டாவது வரவு தண்ணிக்கு என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஏன் இப்படி என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவர் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்த கொஞ்ச நாளில், நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “கரிசல் மண்ணுல்லா டீச்சர். கோடையில வெடிப்பு விடுது, மழையில உப்புது. குழாய் மூட்டு ஆடி ஆடி, உள்ள காத்து ஏறிருது. அதைப் பைய வெளியேத்தாம ஒரேயடியாத் திறந்தா குழாய் தெறிச்சிரும்.” கரிசல் மண்ணைப் பற்றி இந்த ஊரில் யார் எதைச் சொன்னாலும் நம்பலாம். எங்கள் வீட்டுச் சுவரில் வருடத்துக்கு ஒரு விரிசல் விழுகிறது, கதவு ஒரு மாதம் மூடும், ஒரு மாதம் மூடாது. வீட்டையே ஆட்டும் மண் குழாயை ஆட்டாதா? நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், எங்கள் தெருக் குழாயில் காற்றுத் தொல்லை அதிகமாக இருப்பதால் காற்றுப்போக்கி ஒன்று பொருத்தித் தர வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுவும் எழுதினேன். அந்த மனுவை நகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி அண்ணாச்சி கையிலேயே கொடுத்தேன். அவர் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது என்ன ஆனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் மறந்துபோனேன்.

வாழ்த்துமடலுக்காக அவரைப் பிடித்து, “அண்ணாச்சி, இத்தனை வருசத்துல நீங்க செஞ்சதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்றேன். “என்னத்தச் செஞ்சேன் டீச்சர், திறந்தேன், மூடினேன்” என்றார். சரி, கேட்டால் வராது, கூடப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று அடுத்த தண்ணீர் நாளன்று விடியற்காலையிலேயே பிள்ளையார் கோயில் முக்கில் போய் நின்றுகொண்டேன். சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார். அவர் முகத்தில் ஓடியதை நான் அப்போது கூச்சம் என்று நினைத்தேன். “நீங்க எதுக்கு டீச்சர் இந்நேரம் அலையுதீங்க? நான் சொல்லுததையே எழுதிக்கோங்களேன்” என்றார். நான் விடவில்லை. அவர் சைக்கிளை உருட்ட, நான் பின்னால் நடந்தேன்.

அவர் முதலில் எங்கள் தெருவுக்குப் போகவில்லை. மேட்டுத் தெருவுக்கு ஏறினார். கதிரேசன் மலைப் பக்கமாக ஏறிப் போகும் தெரு அது. ஓட்டு வீடுகளும் தகர வீடுகளுமாக இருக்கும். அங்கே வால்வு மூடியைத் தூக்கிச் சாவியை இறக்கிச் சுற்ற ஆரம்பித்தார். மஞ்சள் துணி கட்டிய முனை அவர் பக்கம் வரும்போதெல்லாம் உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது. இத்தனை வருடம் கண்ணேறு என்றும் நேர்ச்சை என்றும் பேசிக்கொண்டிருந்தது இதுதானா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. நானும் கூடவே எண்ணினேன். பதினெட்டுச் சுற்று. முழுவதும் திறந்துவிட்டார். அங்கே காற்று எடுக்கவில்லை. அதே கரிசல் மண், அதே குழாய், அங்கே மட்டும் எப்படிக் காற்று இல்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கி எங்கள் தெரு வால்வுக்குப் போய்விட்டார். நான் மேட்டிலேயே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தெரு மூலை நன்றாகத் தெரியும். சாவியைப் போட்டார். மஞ்சள் துணி இரண்டு தடவை சுற்றியது. எடுத்துவிட்டார். இரண்டே சுற்று.

மேட்டுத் தெருவில் வீட்டுக்கு முன்னால் குழாயே தெரியாது. தரையில் இருந்தால் தண்ணீர் ஏறாது என்று ஆளிறங்கும் அளவுக்குக் குழி தோண்டி, அதன் அடியில் குழாயை வைத்திருந்தார்கள். ஒரு பெண் குழிக்குள் இறங்கி நின்று குடத்தைப் பிடிக்க, இன்னொரு பெண் மேலே நின்று வாங்கி வைக்க, பேச்சே இல்லாமல் வேலை நடந்தது. குடம், வாளி, பெயின்ட் டப்பா, பால்கேன் எல்லாம் வரிசையில் நின்றன. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள். ஆறரைக்கு வேன் வந்துவிடும். அவர்களில் மூத்தவர் ஒருவர், தெருவே அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். “ஏட்டி, கீழத் தெரு டீச்சர் வந்திருக்காவ, அந்த ஸ்டூல எடுத்துப் போடு” என்று குழிக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார். அண்ணாச்சிக்கு வாழ்த்துமடல் எழுத வந்திருக்கிறேன் என்றேன். அத்தனை பேர் முகமும் மலர்ந்துவிட்டது. “நல்லா எழுதுங்க டீச்சர். அவிய மட்டும் உங்க தெருவுல காத்து பிடிக்கலன்னா எங்களுக்கு ஒரு குடம் கிடைக்குமா?” என்றார் ஒரு பெண். அக்கா சட்டென்று அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதியைக் குழாயே சொல்லிக்கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் கீழே எங்கள் தெருவில் மறுபடி மூடி தூக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஒரு மோட்டார், அப்புறம் இன்னொன்று, அப்புறம் தெரு மொத்தமும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சக்கூடாது என்பது விதி. எங்கள் தெருவில் மோட்டார் இல்லாதது பிள்ளையார் கோயில் மட்டும்தான். அந்த இரைச்சல் மேலே கேட்ட ஒரு நிமிடத்துக்குள், என் கண் முன்னால், அக்காவின் கையிலிருந்த குடத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கயிறு போல மெலிந்தது, நூல் போல மெலிந்தது, நின்றுவிட்டது. குடம் கழுத்துவரைகூட நிறையவில்லை. அக்கா அலட்டிக்கொள்ளாமல் குடத்தை மேலே நீட்டிவிட்டுக் குழியிலிருந்து ஏறி வந்தார். அந்த இரைச்சலில் எங்கள் வீட்டு மோட்டாரும் ஒன்று. என் கணவர் தவறாமல் போட்டிருப்பார். தண்ணீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தான் ஓடும், உறிஞ்சுகிற பக்கம்தான் போகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள், ஒன்பது வருடமாகக் குழாயில் காற்று ஏறிவிட்டது என்று நம்பி, அதற்கு மனுவும் எழுதியிருக்கிறேன்.

வெட்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது, அதை மறைத்துப் பயனில்லை. படித்தவள், செயலாளர், என்னையே இந்த மனிதர் ஒன்பது வருடம் ஏமாற்றியிருக்கிறாரே என்ற கோபம். இறக்கத்தில் அண்ணாச்சி சைக்கிளோடு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். “காத்து எங்க அண்ணாச்சி?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “காத்து இருக்கு டீச்சர். ரெண்டே சுத்து திறந்தா குழாய் பையத்தான் நிறையும். நிறையுத வரைக்கும் காத்துதான் வரும். நான் பொய் சொல்லல” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். நான் விடாமல், அலுவலகத்தில் சொல்லி எங்கள் மோட்டார்களைக் கழற்றச் செய்திருக்கலாமே, இதற்கு எதற்கு இந்த நாடகம் என்று கேட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னார். “இங்க மாத்தலாகி வந்த புதுசுல வீடு வீடா வந்து சொன்னேன். எல்லாரும் எடுக்கட்டும், நானும் எடுக்கேன்னாவ. ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரும் அதே பேச்சுதான் சொன்னாவ.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் வாசலில் அவர் வந்து நின்றதும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்டைப் பிடித்தபடி நான் அதையே சொன்னதும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் என்று நான் சொன்னதில் என்னைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

இருபது நிமிடம் என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன். கோபம் போனாலும் இந்த அரிப்பு போகாது எனக்கு. அதற்கு மட்டும் உற்சாகமாகப் பதில் சொன்னார். முதலில் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தாராம், மேட்டுத் தெருக் கடைசி வீட்டுக்கு எட்டவில்லை. அரைமணி விட்டுப் பார்த்தாராம், எங்கள் தெருக் கோடியில் இரண்டு வீட்டுத் தொட்டி நிறையவில்லை. கூட்டிக் குறைத்து, வேன் வரும் நேரத்தையும் பார்த்து, இருபதில் கொண்டுவந்து நிறுத்தினாராம். “உங்க தெருவுல ஒரு தொட்டிகூடக் குறையல டீச்சர். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். ஆய்வகத்தில் என் மாணவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கும் பொறுமை அது.

இப்போது என் பிரச்சினை வேறாகிவிட்டது. ஒரு உண்மையான வரி வேண்டும் என்று போனேன், கிடைத்துவிட்டது. எழுதினால் என்ன ஆகும்? எங்கள் தெரு மொத்தமும் கூடியிருக்கும் மேடையில் அதை வாசிக்க வேண்டும். கைதட்டல் ஓய்ந்ததும், நம் தண்ணீரை மேட்டுக்கு விட்டிருக்கிறார் என்ற முணுமுணுப்பு எழும். அடுத்த தண்ணீர் நாளில் ஆறு மணிக்கே வால்வுக் குழியைச் சுற்றி ஆள் நிற்கும். மேட்டுத் தெருவில் குழிக்குள் இறங்கி நிற்கிறவர்களுக்கு அந்தக் கழுத்தளவுக் குடமும் கிடைக்காது. அக்கா அன்று மாலையே வேனிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். கைவிரல்களில் தீக்குச்சி மருந்துக் கறைகூடப் போகவில்லை. உட்காரவில்லை. “அதை மட்டும் எழுதிராதீங்க டீச்சர். அவியளுக்கும் பேரு கெட்டுரும், எங்களுக்கும் வாய் காஞ்சிரும்” என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அது எங்கள் தொட்டித் தண்ணீர்தான், மோட்டார் வைத்து இழுத்தது. அதை அவர் குடிப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். ‘மேட்டுத் தெருவுக்கு முதல் இருபது நிமிடத்தைத் தந்தவர்’ என்று ஒரு வரி. அதை எழுதுவேன், அடிப்பேன். அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதப் பார்த்தால், பழைய கானாக்கள் மூன்றும் வாசலில் வந்து நிற்கும். அந்த இடத்தில் பொய்யான ஒன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு, அதன் இடத்தை மட்டும் விட்டுக் கொடுத்துவிட்டேன்.

விழா பிள்ளையார் கோயில் முன்னால் பந்தல் போட்டு நடந்தது. எங்கள் தெரு முன்வரிசையில். மேட்டுத் தெருப் பெண்கள் யாரும் அழைக்காமலே வந்து பின்னால் நின்றார்கள். நான் மடலை வாசித்தபோது, அந்த இடம் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலைவர் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார். “ஒம்பது வருசமா நம்ம தெருக் காத்தோட மல்லுக்கட்டி நமக்குத் தண்ணி குடுத்த மனுசன்!” என்று முழங்கினார். பின்னாலிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரித்தார்கள், உடனே பலமான கைதட்டல். நன்றி சொல்ல வந்த அண்ணாச்சி மைக்கை எட்டிப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினார். “நான் ஒண்ணும் பெரிசாச் செய்யல. காத்து போற வரைக்கும் நீங்க எல்லாரும் பொறுத்துக்கிட்டீங்க. அதுக்கு நான்தான் கையெடுத்துக் கும்பிடணும்” என்று சொல்லி முன்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார். எங்கள் ஆட்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். மேட்டுத் தெரு சார்பில் அக்கா ஏறி வந்து ஒரு எவர்சில்வர் குடத்தைக் கொடுத்தார். அந்தத் தெருவுக்கு இவர் மேல் இவ்வளவு பாசம் எதற்கு என்று தலைவர் என் காதில் கேட்டார். “தெரியலையே” என்றேன்.

அடுத்த தண்ணீர் நாள் வந்தது. புதிதாக வந்தவர் பைக்கில் வந்தார். சாவி புதுசு, மஞ்சள் துணி இல்லை. நான் ஐந்தரை மணியிலிருந்தே வாசலில் நிற்கிறேன். மேட்டுத் தெருவுக்கு ஏறுவார் என்று பார்த்தால், நேராக எங்கள் வால்வுக்கு வந்து மூடியைத் தூக்கி மளமளவென்று முழுச் சுற்றும் சுற்றிவிட்டார். சீறலே இல்லாமல் குழாயில் தண்ணீர் கொட்டியது. தெருவே திகைத்துப்போனது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை, பயம்தான். தலைவர் இடுப்பில் துண்டோடு ஓடி வந்தார். “டீச்சர், காத்து எடுக்காமத் தண்ணிய விட்டுட்டாரே! மோட்டார் போட்டா ஏதும் ஆயிருமா?” அவர் பின்னால் நாலைந்து பேர். எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர். எங்கள் வீட்டுக்குள் சுவிட்சில் கையை வைத்தபடி என் கணவர். அத்தனை பேரும் இயற்பியல் டீச்சர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே அந்நேரம் அக்கா குழிக்குள் இறங்கியிருப்பார். ஒன்றும் ஆகாது என்று சொல்வதுதான் உண்மை. இருபது வருடமாக நான் வாங்கும் சம்பளம் அந்த உண்மையைச் சொல்வதற்குத்தான்.

“ஆகும்” என்றேன்.

சொன்ன பிறகு பாடம் தானாக வந்தது. உள்ளே காற்று நின்றால் மோட்டார் வெறுமனே சுற்றும், சூடேறும், காயில் கம்பி எரிந்துவிடும், எதற்கும் இருபது நிமிடம் கழித்துப் போடுங்கள். இதில் ஒரு வார்த்தைகூட அறிவியலுக்குப் புறம்பில்லை. உள்ளே காற்று இல்லை என்பது ஒன்றுதான் இடித்தது. “டீச்சர் சொல்லிட்டாவ! யாரும் மோட்டார் போடாதீங்க!” என்று தலைவர் தெருக்கோடி வரை கத்திக்கொண்டே போனார். என் கணவர் மட்டும் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நான் புதியவரிடம் போனேன். முதலில் மேட்டுத் தெரு, அப்புறம் இங்கே இரண்டு சுற்று, இருபது நிமிடம் கழித்து மீதி, இந்தப் பக்கத்து வழக்கம் இதுதான் என்றேன். “முந்தி இருந்த அண்ணாச்சியும் அப்படித்தான் சொன்னாவ டீச்சர். சும்மா சொல்லுதாவன்னு நெனச்சேன்” என்றார். சாவியில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள், எண்ணச் சௌகரியமாக இருக்கும் என்று சொல்லி, என் பழைய சேலை ஒன்றில் கிழித்துக் கொடுத்தேன். அவர் எங்கள் வால்வைக் குறைத்துவிட்டு மேட்டுக்கு ஏறினார்.

மேட்டுத் தெருவுக்கு இப்போது தனிக் குழாய் வந்துவிட்டது, மேலேயே தனித் தொட்டியும் கட்டிவிட்டார்கள். குழிகளை மண் போட்டு மூடியாகிவிட்டது. இனி அந்த வரியைச் சொன்னால் யாருக்கும் குடம் குறையாது. இரும்புக்கடையில் உட்கார்ந்து தலைவர் இதைப் படித்தால் என்னிடம் ஒரு மாதம் பேசமாட்டார், அப்புறம் பேசுவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஓட்டப்பிடாரம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். ஆள் கொஞ்சம் தளர்ந்திருக்கிறார். நான் உட்காரும் முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, “மேட்டுத் தெருவுக்குத் தனி லைன் வந்துட்டாமே, தண்ணி கடைசி வீட்டுக்கு ஏறுதா?” ஏறுகிறது என்றேன். அக்காவும் நன்றாக இருக்கிறார் என்றேன். சுவரில் மடல் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜா நிற ஓரம் வெளிறிவிட்டது. அந்த ஒரு வரி இடம் அப்படியே இருந்தது.

“கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. என் கையாலயே எழுதிக் குடுத்துருதேன்” என்று கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன். அவர் எழுந்து சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “பேப்பர்ல எழுதணும்னா எழுதிக்கோங்க டீச்சர். இதுல வேண்டாம். வாரவிய எல்லாம் எழுத்தப் படிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறாவ. நான் இந்த எடத்தத்தான் பாப்பேன். இங்கன பாத்தா எனக்கு அந்தக் குழி தெரியுது, குடம் தெரியுது. எழுதிட்டா எழுத்துல்லா தெரியும்” என்றார். பேனாவை மூடி உள்ளே போட்டுவிட்டேன். நான் எழுதிய மடல்களிலேயே ஒருவர் தினமும் படிப்பது இது ஒன்றுதான், அதுவும் நான் எழுதாத இடத்தை.

அந்நேரம் வாசல் குழாய் உஸ்ஸென்று சீறியது. மருமகள் குடத்தோடு ஓடினாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “இன்னும் காத்துதான் வருது மாமா” என்று அங்கிருந்தே சொன்னாள். “வரும்மா, பொறு” என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

“இந்த ஊர்ல மேடு எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்று கேட்டேன்.